துபாய்க்கு நாலு மணி நேரம்

எங்கள் நைனா பழவேற்காடு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று இறால் தடவிக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். கூட இருந்தவர்கள் எங்கள் ஊரான பசியாவரம் கரைக்குத் தூக்கி வருவதற்குள் உயிர் போய்விட்டது. அண்ணனைத் துபாய்க்கு அனுப்புவதற்காகப் படகை விற்றிருந்தார். அதற்குப் பிறகு இரண்டு வருடமாகக் கையால் தடவித்தான் பிடித்து வந்தார்.

நான் படகில் ஏரியைக் கடந்து பழவேற்காட்டுக்கு ஓடினேன். டச்சுக் கல்லறைக்கு எதிரே ஒரு போன் கடை இருந்தது. அவசரம் என்றால் கூப்பிடச் சொல்லி அண்ணன் கொடுத்திருந்தது மாதவரத்தில் இருந்த அவன் கூட்டாளியின் நம்பர். அந்தக் கூட்டாளியிடம் சொன்னேன். கால் மணி நேரத்தில் அண்ணனே கடைக்குக் கூப்பிட்டான். அழுதான்.

"எப்ப வருவ? சாயங்காலமே எடுக்கணும்னு சொல்றாங்க" என்றேன்.

"இங்க இப்ப மணி எட்டரை. டிக்கெட் கெடைக்கணும். ஃப்ளைட்டே நாலு மணி நேரம். நாளைக்கு மத்தியானம் வந்துடறேன். நைனா மூஞ்சிய நான் பாக்காம எடுத்துடாதீங்க."

கடைச் சுவரில் மணி பத்து.

இறால் பெட்டிக்கு வைத்திருந்த ஐஸை உடைத்து நைனாவைச் சுற்றிப் போட்டோம். நல்ல வெயில் காலம். மறுநாள் காலை ஐஸ் எல்லாம் தண்ணீராகிவிட்டது. உடம்பு தாங்காது என்று பெரியவர்கள் சொன்னார்கள். அம்மா அவர்கள் காலில் விழுந்து கெஞ்சிப் பார்த்தாள். பதினொரு மணிக்கு எடுத்துவிட்டார்கள். கொள்ளி வைத்தது சித்தப்பா மகன்.

ஒரு மணிக்கு அண்ணன் சூட்கேஸோடு படகிலிருந்து இறங்கினான். "பாவம், பறந்து வந்தும் பாக்க முடியல" என்று ஊரே அவனைக் கட்டிக்கொண்டு அழுதது.

காரியம் முடிந்த மறுநாள், அவன் துணிகளைத் துவைக்க சூட்கேஸைத் திறந்தேன். உள்ளே இருந்தவை எல்லாம் இங்கிருந்து கொண்டுபோன அதே பழைய சட்டைகள்.

"பாஸ்போர்ட் எங்க?"

முதலில் கோபப்பட்டான். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டான். "ஏஜென்ட் ஏமாத்திட்டான். நான் துபாய்க்குப் போவவே இல்ல. மாதவரத்துல குடோன்ல மூட்டை தூக்கினு இருந்தேன்."

"அப்ப அன்னிக்கு இன்னா பண்ண?"

"ஒடனே வந்தா தெரிஞ்சிடும்னு பயந்துட்டேன். டிக்கெட் வாங்கற நேரம், ஃப்ளைட்டு நாலு மணி நேரம், ஏர்போர்ட்லேர்ந்து பஸ்ஸு... எல்லாம் கணக்குப் பண்ணி ரூம்லயே உக்காந்திருந்தேன்."

மாதவரத்திலிருந்து பழவேற்காட்டுக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அன்றைக்கே மதியத்துக்குள் வந்திருக்கலாம். ஏமாந்தவனை யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டோம். நைனாவே சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அவர் ஐஸ் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்த நேரம் முழுக்க, இல்லாத விமானத்துக்காக இவன் மணி பார்த்துக்கொண்டிருந்தான். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. கையிலிருந்த சட்டையை அவன் மேலேயே எறிந்துவிட்டு எழுந்து போனேன்.

துபாயில் வேலை முடிந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னான். அவளும் நம்பினாள். இப்போது லைட்ஹவுஸ் குப்பத்தில் யாருடைய ஃபைபர் படகிலோ போகிறான். நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா சொல்கிறாள்: "அப்பனுக்காக எம்புள்ள ஏரோப்ளேன் புடிச்சி வந்தான்." அவள் அதைச் சொல்ல ஆரம்பித்தால் நான் கொல்லைப்பக்கம் போய்விடுவேன்.