பலகையில் எண்ணெய் விரல்

பெங்களூரு ஆஸ்டின் டவுனில் வீட்டு முன்னறையிலேயே கிதார் செய்து பிழைக்கிறவர் ஏகாம்பரம். அன்று ஒரு கிதாரின் மேற்பலகைக்கு உட்புறம் ஒட்டிய தாங்குகட்டை இரண்டாம் முறையாகக் கழன்று வந்துவிட்டது. பசை பிடிக்காவிட்டால் பலகையே வீண். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மங்கலாக எண்ணெய் விரல் தடம் தெரிந்தது.

போனில் மகள் லாவண்யாவிடம் சொன்னார்.

"இத்தனை வருஷத்துல இப்படி ஆனதே இல்லையேப்பா?"

"உங்கம்மா இருந்தவரைக்கும் விளக்கு ஏத்துனது அவதானேம்மா. இப்ப நானே திரி போட்டுட்டு நேரா வேலைக்கு உக்காந்துடறேன்."

"சோப்பு போட்டுக் கழுவ மாட்டீங்களா?"

"கழுவுறேன். நகக்கண்ணுல நின்னுடுது."

அவள், "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தாள்.

வெள்ளைத் துணியில் பெயிண்ட் தின்னரை நனைத்து, துணியில் மஞ்சள் ஏறுவது நிற்கும்வரை துடைத்தார். காய்ந்ததும் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து மறுபடி ஒட்டினார். மறுநாள் அசைத்துப் பார்த்தார், கட்டை அசையவில்லை.

அன்று காலை முருகன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றாமல் வெறுமனே கைகூப்பினார்.

"கோவிச்சுக்காதே சாமி, சாயந்தரம் ஏத்தறேன். வேலை முடிஞ்சா அப்புறம் இந்த வீட்டுல நாம ரெண்டு பேருதானே."