ஜெபராணி முதலில் தன் கையில்தான் போட்டுப் பார்ப்பாள்

முதல் பாடவேளை முடிவதற்குள் செய்தி வந்துவிட்டது. பத்தாம் வகுப்பில் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை, என்னைக் கூப்பிடவும் இல்லை. கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தபடியே நின்றார். நான் சுண்ணக்கட்டியை மேசையில் வைத்தேன். முன் பெஞ்சில் இருந்த பிள்ளை ஒருத்தி, "ஜெபராணி மிஸ்ஸா, டீச்சர்?" என்று கேட்டாள். நான் புத்தகத்தை மூடினேன். பிள்ளைகள் தாமாகவே எழுந்து நின்றுவிட்டார்கள்.

எங்கள் பள்ளியில் வேதியியல் நடத்திய ஜெபராணி டீச்சரை உங்களில் பலருக்குத் தெரியும். அவளிடம் படித்தவர்கள் இருக்கிறீர்கள். அவளோடு ஒரே ஆலயத்தில் பாடியவர்கள் இருக்கிறீர்கள். நான் ஆசிரியர் அறையில் அவளுக்கு அடுத்த நாற்காலியில் இருந்த தமிழாசிரியை, மேலப்பாளையம் பாத்திமா. இருவருக்கும் ஒரே வயது. ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தோம். ஊருக்கு அவள் டீச்சர், எனக்கு ஜெபா.

பாளையங்கோட்டையில் அவள் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டுவதற்குத் தண்ணீர் எடுத்து வைத்திருந்தார்கள். அவள் கணவர் செல்வின் அண்ணன் வாசலில் இருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே கை காட்டினார். அவருடைய அக்கா புதிய சோப்பு ஒன்றை உறை பிரித்துக்கொண்டிருந்தார். ரோஜா வாசனை அறை முழுக்க நிறைந்தது. நோய் வந்த பிறகு ஜெபாவுக்கு எந்த வாசனையும் ஆகாமல் போயிருந்தது. பக்கத்தில் யாராவது பவுடர் போட்டு வந்தாலே குமட்டும்.

"அது வேண்டாம் அக்கா, அவளுக்கு ஆகாதுல்லா" என்றேன்.

"இனிமே அவளுக்கு என்னம்மா ஆகப்போகுது?" என்றார் அவர்.

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லி முடித்ததும் சோப்பைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்து அழுதார். பிறகு அவரே எழுந்து அடுக்களைக்குப் போய்ப் பயற்றமாவு டப்பாவை எடுத்து வந்தார். இருவரும் அதைக் கரைத்துத்தான் அவளைக் குளிப்பாட்டினோம்.

ஜெபாவுக்குச் சோப்புக்குப் பதிலாக இந்தப் பயறும் பூந்திக்கொட்டையும் ஆசையால் வந்தவை அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் அவள் கைகள் வெடிக்கத் தொடங்கின. விரல் மடிப்புகளில் ரத்தம் கசியும். கரும்பலகையில் எழுதினால் சுண்ணத்தூள் காயத்தில் இறங்கும். உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதுவாள். தோல் மருத்துவர் பார்த்துவிட்டு, சோப்பில் இருக்கும் வாசனைப் பொருள்தான் ஒத்துக்கொள்ளவில்லை, அதை விட்டுவிடுங்கள் என்றார். அன்று மாலையே வண்ணார்பேட்டையில் ஒரு பெரிய கடைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். அலமாரி முன் நின்று ஒவ்வொரு சோப்பாக, ஒவ்வொரு கிரீமாக எடுத்துப் பின்பக்கத்து எழுத்தை வாசித்தாள். கடைப்பெண் எங்களைச் சந்தேகத்தோடு பார்த்தாள்.

"ஏட்டி, இங்க பாரு. மத்ததை எல்லாம் பேர் பேரா எழுதிருக்கானுவ. வாசனைன்னு வாரப்போ மட்டும் ஒத்தச் சொல்லுல முடிச்சுட்டானுவ. அந்தச் சொல்லுக்குள்ள என்னென்ன கெடக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தோம். எதிரே இருந்த பலசரக்குக் கடையில் பாசிப்பயறு வாங்கினாள்.

அதன் பிறகு அவள் வீட்டு அடுக்களை இன்னொரு ஆய்வகமாக மாறியது. எதை அரைத்தாலும் முதலில் தன் முழங்கையின் உட்புறத்தில் தடவி, மறுநாள் வரை காத்திருப்பாள். அரிப்போ சிவப்போ வராவிட்டால்தான் அடுத்தவருக்குத் தருவாள். "நான் போட்டுப் பாத்தாச்சு. இனி நீ போடலாம்" என்று அவள் சொல்லிக் கேட்காதவர் எங்கள் ஆசிரியர் அறையில் இல்லை. எல்லாம் சரியாக வந்துவிடவில்லை. கிராம்பு கூடிப்போன பற்பொடியால் ஒரு நாள் முழுவதும் நாக்கு மரத்துப்போய், பாடம் நடத்தாமல் பிள்ளைகளை வாசிக்க விட்டாள். பூந்திக்கொட்டை நுரை கண்ணில் பட்டுச் சிவந்த கண்களோடு வந்தாள். கஸ்தூரி மஞ்சள் தீர்ந்துபோன அன்று சமையல் மஞ்சளைப் பூசியிருக்கிறாள். எவ்வளவு கழுவியும் போகவில்லை. அன்றைக்குப் பார்த்துப் பள்ளிக்கு ஆய்வுக்கு வந்த அதிகாரி அவள் முகத்தையே பார்த்துவிட்டு, "மேடத்துக்கு மஞ்சக்காமாலையா?" என்று மெல்லக் கேட்டார்.

"இல்ல சார், பரிசோதனை" என்றாள்.

அவர் போனபிறகு நாங்கள் சிரித்த சிரிப்பில் தலைமையாசிரியையே வந்து எட்டிப் பார்த்தார்.

படிகாரம் மட்டும் முதல் முறையே பலித்தது. சித்திரை வெயிலில் வியர்வை நாற்றத்துக்கு அதை நனைத்துத் தேய்த்தால் போதும் என்றாள். ஆளுக்கொரு கட்டி கொடுத்தாள். என் கைப்பையில் அது இன்னும் கிடக்கிறது.

நான் எழுத நினைத்த முக்கியமான சம்பவம் சுடர்க்கொடியுடையது. அவள் எங்கள் பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தாள். திருமணம் நிச்சயமாகியிருந்தது. நிறம் கூடுமென்று யாரோ சொல்லக் கேட்டு, பெயரே ஒட்டாத சிறு டப்பாவில் விற்ற கிரீம் ஒன்றை மாதக்கணக்கில் பூசியிருக்கிறாள். முதலில் முகம் பளபளத்தது. பிறகு ஒரு நாள் பூசாவிட்டாலும் எரிச்சல், சிவப்பு, பருக்கள். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்து ஜெபாவிடம் அழுதாள்.

"மிஸ், நீங்க அரைச்சுத் தாங்க. ஆவாரம்பூவோ எதுவோ. இயற்கையா எதுவும் போட்டா சரியாயிரும்லா?"

ஜெபா தரவில்லை.

"இயற்கைன்னா எல்லாம் நல்லதாயிருமா? எருக்கம்பாலும் இயற்கைதான். மூஞ்சில பூசுவியா?" என்றாள். தன் முன்கையைத் திருப்பிக் காட்டினாள். எலுமிச்சைச் சாற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் போனதால் வந்த கறுப்புத் தழும்பு அங்கே இருந்தது. "இது எலுமிச்சம்பழம் செஞ்ச வேலை. உன் தோலு இப்ப பச்சைப்புண்ணு மாதிரி கெடக்கு. அதுல நான் கை வைக்க மாட்டேன். வா, டாக்டர்ட்ட போவோம்."

அவளே கூட்டிக்கொண்டு போனாள். கிரீமில் வீரியமான மருந்து கலந்திருக்கும், அதை நிறுத்தினால் முகம் தேறுவதற்கு முன் இன்னும் மோசமாகும் என்றார் மருத்துவர். அப்படியேதான் ஆனது. சேதி கேட்டு மாப்பிள்ளையின் அம்மா ஆழ்வார்குறிச்சியிலிருந்து வந்துவிட்டார். சுடரின் அம்மா பயந்துபோய் ஜெபாவுக்குப் போன் செய்ய, நாங்கள் இருவரும் போனோம். பெண் அறைக்குள் இருந்தாள். கதவு சாத்தியிருந்தது.

ஜெபா மாப்பிள்ளையின் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். "மைனி, மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. உங்க வீட்டுக்கு வாரப்போ இன்னும் கொஞ்சம் வெளுப்பா வரணும்னு நெனச்சு இந்தப் பிள்ளை ஏமாந்துட்டு. வெளுப்பு வேணும்னு யார் கேட்டாவன்னு நான் கேக்கல. மூஞ்சி தேறிரும், கொஞ்ச நாள் ஆகும். காத்திருக்க முடியும்னா இருங்க. முடியாதுன்னா இப்பமே சொல்லிருங்க. அவ உள்ள இருந்து கேட்டுக்கிட்டு இருக்கா."

அந்த அம்மா சாத்தியிருந்த கதவைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கதவைத் தட்டினார். "வெளிய வாட்டி. நானும் சின்னப்பிள்ளையில கண்டதைப் பூசினவதான்" என்றார்.

திருமணம் சில மாதம் தள்ளிப்போய், ஆழ்வார்குறிச்சியில் நடந்தது. முகத்தில் ஒரு பூச்சும் இல்லாமல் சுடர் மணவறையில் இருந்தாள். ஜெபா முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு இரண்டாம் பந்திக்குப் பரிமாறப் போய்விட்டாள்.

அடுத்த ஆண்டில் ஜெபாவின் வயிற்றில் கட்டி என்றார்கள். புற்று என்ற சொல்லை முதலில் சொன்னவளும் அவள்தான். நாங்கள் யாரும் சொல்லத் துணியவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு இலையும் வேரும் சொன்னார்கள். இத்தனை அரைத்தவள் இதையும் அரைத்துக் குடிப்பாள் என்று நினைத்தார்கள் போலும். அவள் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள். "அழுக்குப் போக பயறு போதும். இதுக்கு ஆஸ்பத்திரிதான்."

அடக்கத்தன்று கூட்டத்தில் ஒருவர் தணிந்த குரலில் பேசியது என் காதில் விழுந்தது. கண்டதையும் மேலில் பூசியதால்தான் அவளுக்கு இது வந்தது என்றார். அந்த இடத்தில் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியை அவளே மருத்துவரிடம் என் முன்னால் கேட்டாள். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று அவர் தெளிவாகச் சொன்னார். அப்படியானால் எதனால் வந்தது என்று நான் கேட்டேன். தெரியாது என்றார். அந்தத் தெரியாது என்ற பதிலோடுதான் அவள் வாழ்ந்தாள். நாமும் அதோடு இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். செத்தவள் மேல் காரணத்தை ஏற்றிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போக வேண்டாம்.

மருந்து ஏற ஏற அவள் தோல் காகிதம்போல் ஆனது. தேங்காய் எண்ணெயின் மணத்தைக்கூடத் தாங்க முடியவில்லை. வாசனையில்லாத எதையாவது கொண்டுபோக வேண்டுமே என்று நான் பயறு அரைத்தேன். ரோஜா இதழ் இல்லை, வெட்டிவேர் இல்லை, பூலாங்கிழங்கு இல்லை. என் முழங்கையின் உட்புறத்தில் தடவி ஒரு நாள் பொறுத்திருந்துவிட்டு எடுத்துப்போனேன். அவள் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தாள்.

"இதுல ஒண்ணுமே இல்லியேட்டி."

"ஒண்ணுமே போடலல்லா."

"போட்டுப் பாத்தியா?"

"பாத்தாச்சு."

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுபோய், "எனக்காக நீ கையில தடவிக்கிட்டு உக்காந்திருந்தியா?" என்று கேட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நோய் தொடங்கியதிலிருந்து அவள் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான்.

கடைசியாக அவளோடு நான் பேசியது ஒரு சனிக்கிழமைப் பிற்பகல். இனி மருந்து ஏற்றிப் பயனில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே அனுப்பிவிட்டார்கள். அவள் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள்.

"ஏட்டி, இங்கன தொட்டுப் பாரு. முடி வருது."

தொட்டேன். மருந்தில் எல்லாம் உதிர்ந்துபோன தலையில் மெல்லிய முடி புதிதாக முளைத்திருந்தது. எப்படி முளைத்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். மருந்தை நிறுத்தியதால் முளைத்த முடி அது. நான் வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"செம்பருத்தி இலை பறிச்சுட்டு வா. அதுல வாசனை கெடையாது. தலைக்குத் தேச்சு எத்தனை நாளாச்சு" என்றாள்.

பக்கத்து வீட்டில் பறித்து வந்தேன். தண்ணீரில் கையாலேயே கசக்கி, துணியில் வடிகட்டினேன். செல்வின் அண்ணன் அவளைத் தூக்கிவந்து புறவாசலில் நாற்காலியில் உட்கார வைத்தார். அவள் தலையை என் கையில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தக் கொழகொழப்பை ஊற்றித் தேய்த்தேன். "பைய, பைய" என்றாள். அண்ணன் வெந்நீர்ச் செம்பை என்னிடம் நீட்டிவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். தலையைத் துவட்டியபோது, "நல்லாருக்குட்டி" என்றாள். அப்படியே தூங்கிப்போனாள்.

அவள் செய்முறை எதையும் எழுதி வைக்கவில்லை. கேட்பவர்களிடம் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அவளிடமிருந்து எனக்கு என்று இருப்பது என் உள்ளங்கையில் அந்த முடி பட்ட உணர்வுதான். ஈரத்தில் படியாமல், விரல் போன பக்கமெல்லாம் சாய்ந்து மறுபடி நிமிர்ந்தது. இன்னும் கொஞ்சநாள் இருந்திருந்தாள் என்றால், முடி வளர்ந்து அதில் சீப்பு நின்றிருக்கும்.