நல்ல தண்ணீரில் ஊறிய பெடல்

விலை குறைந்த டிஸ்டார்ஷன் பெடலைப் பற்றி இணையத்தில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஏசி அறையில் உட்கார்ந்து, கம்பளத்தின் மேல் பெடலை வைத்து, இரண்டு தட்டு தட்டிவிட்டு, இந்த விலைக்கு இது பரவாயில்லை என்கிறார்கள். அவர்களில் யாரும் அதை நண்டுக் கூடைக்குப் பக்கத்தில் வைத்துப் படகில் கொண்டுபோனவர்கள் இல்லை. நான் கொண்டுபோயிருக்கிறேன். அதனால் எனக்கும் சொல்ல ஏதோ கொஞ்சம் இருக்கிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெடல் என்பது உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி. கிடாரிலிருந்து வரும் வயரை ஒரு பக்கம் செருக வேண்டும். மறுபக்கத்திலிருந்து இன்னொரு வயர் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். பெட்டியைக் காலால் மிதித்தால், அதுவரை ஒழுங்காக வந்த சத்தம் கரகரத்து, தடித்து, நீண்டு வரும். பழவேற்காடு உப்பு ஏரிக்குள் இருக்கும் தீவான பசியாவரத்தில் எங்கள் தெருவில் அதற்கு 'கரகரப் பொட்டி' என்று பெயர்.

பகலில் ஏரியில் வலை, மாலையில் எங்காவது ஒரு மண்டபத்தில் கிடார். இதுதான் பல வருடமாக என் பிழைப்பு. இரண்டிலும் முதுகுதான் முதலில் போகிறது. எங்கள் குழு பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி வரைக்கும் கல்யாணம், கோயில் திருவிழா, சர்ச் விழா எது கூப்பிட்டாலும் போகும். குழுவில் கிடார்காரர்கள் மூன்று பேர். நான் ஒருவன். பழவேற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருப்பவர் இன்னொருவர். மூன்றாமவர் அனுப்பம்பட்டுக்காரர், ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. மூன்று பேருமே பெடல் வாங்க ஆசைப்பட்டோம். தனியாக வாங்க மூன்று பேருக்குமே வக்கில்லை. சேர்ந்து ஒன்று வாங்கினோம்.

மற்ற இருவருக்கும் அது ஆசை. எனக்கு அது தேவை. வலைக்கயிறு இழுத்து இழுத்து என் இடது கை விரல்கள் காய்த்துப்போய், சுட்டுவிரல் முழுசாக மடங்காது. கம்பியை அழுத்தினால் சத்தம் கிளம்பும், ஆனால் நிற்காது. பாட்டில் ஒரு சுரத்தை இழுத்துப் பிடிக்க வேண்டிய இடத்தில் என் சுரம் பாதியிலேயே படுத்துவிடும். பெடலை மிதித்தால் அது நிற்கும். என் விரல் செய்யாததை ஒரு டப்பா செய்கிறது என்பதில் எனக்கு வெட்கம் உண்டு. வெட்கத்தைப் பார்த்தால் மேடையில் நிற்க முடியாது.

வாங்கிய முதல் மாதமே சண்டை. இன்று யார் வைத்துக்கொள்வது, நேற்று யார் பேட்டரியைத் தீர்த்தது என்று தினமும் போனில் ஒரு பஞ்சாயத்து. சலித்துப்போய்க் கடைசியில் நான்தான் சொன்னேன், பாடு வைத்துக்கொள்ளலாம் என்று. எங்கள் ஏரியில் எல்லா இடத்திலும் மீன் நிற்காது. நல்ல இடங்கள் கொஞ்சம்தான். அதற்கு அடித்துக்கொள்ளாமல் இருக்க, சீட்டுக் குலுக்கி முறை போட்டுக்கொள்வோம். இன்று இந்த இடம் உனக்கு, நாளை எனக்கு. அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. உன் பாடு வருகிற நாளில் வாடைக்காற்று தூக்கியடித்தாலும், காய்ச்சலில் கிடந்தாலும், போனது போனதுதான். அடுத்தவனிடம் போய் எனக்கு ஒரு நாள் விட்டுக்கொடு என்று கேட்கக் கூடாது. கேட்டால் ஊரில் மரியாதை இல்லை.

பெடலுக்கும் அதையே வைத்தோம். ஒரு வாரம் ஒருவரிடம். அந்த வாரம் முன்னால் நின்று தனித்து வாசிக்கிற லீட் கிடார் அவருடையது. மற்றவர்கள் பின்னால் நின்று துணைச் சுரங்களாகக் கார்டு பிடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் கைமாற வேண்டும், பெடல் நன்றாக இருந்தாலும் கெட்டுப்போயிருந்தாலும். அனுப்பம்பட்டுக்காரர் விவசாயக் குடும்பம், முதலில் இதைக் கேட்டுச் சிரித்தார். பிறகு எங்கள் இரண்டு பேரையும்விட அவர்தான் அதில் கறார்.

அந்த விலைக்கு அந்தப் பெடல் பரவாயில்லைதான். ஆனால் உபத்திரவங்களும் உண்டு. வயரைப் பிடுங்காமல் விட்டால், மிதிக்காவிட்டாலும் பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஜெனரேட்டர் ஓடுகிற இடத்தில் தானாகவே முனகும். உப்புக்காற்றில் வயர் செருகும் துளையில் பச்சை பூத்துவிடும், குமிழைத் திருப்பினால் மணலைத் தேய்க்கிற சத்தம் வரும். பகலெல்லாம் படகு இன்ஜின் சத்தம், சாயங்காலம் இந்தச் சத்தம், இந்த வீட்டில் காதுக்கு விடிவே கிடையாதா என்று என் மனைவி கேட்பாள். கேட்பது நியாயம்தான்.

விடிவு இல்லாத காது என்றால் அது என் அப்பாவுடையது, நைனா என்றுதான் கூப்பிடுவேன். படகின் பின்னால் பொருத்துகிற இன்ஜினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வாழ்நாளை ஓட்டியவர். மூடி இல்லாத பழைய இன்ஜின், சத்தம் மண்டையைப் பிளக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் காது போய், இப்போது முதுகுக்குப் பின்னால் பேரன் அழுதாலும் திரும்ப மாட்டார். நான் மேடை ஏற ஆரம்பித்த காலத்திலேயே அவருக்குப் பாதி போய்விட்டது. மகன் கிடார் வாசிக்கிறான் என்பது அவருக்குக் கண்ணால் தெரிந்த செய்தி.

என் முதல் பாடு வந்தபோது பெடலை வீட்டுக்குக் கொண்டுவந்து, சின்ன ஆம்ப்ளிஃபயரில் செருகி, வாசலில் வைத்து மிதித்தேன். நைனா முதுகைக் காட்டிக்கொண்டு வலையில் அழுக்குப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு கம்பியைத்தான் தட்டினேன். அவர் தலை திரும்பியது.

"யார்து இஞ்சினு அது?" என்றார். "ப்ளக்கு மாத்தணும்."

நான் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. பல வருடங்களுக்குப் பிறகு அவர் ஒரு சத்தத்துக்குத் திரும்பியிருந்தார், அது என் சத்தம். நைனா படகு ஓட்டுகிற காலத்தில் எப்போதும் முனகிக்கொண்டிருக்கும் ஒரு பழைய சினிமாப் பாட்டு உண்டு. அதன் நடுவில் நீளமாக ஒரு கிடார் வரும். அதை எங்கள் ஊர்த் திருவிழாவில், பெரிய ஸ்பீக்கர் கட்டி, இந்தப் பெடலை மிதித்து வாசித்து, அவர் காதில் விழ வைத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். வாழ்க்கையில் வேறு பெரிய ஆசை எதுவும் எனக்கு அப்போது மிச்சம் இருக்கவில்லை.

திருவிழா வாரம் என் பாடாகவே வந்தது. சீட்டு அப்படி விழுந்திருந்தது. நான் யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை என்பதே பெரிய நிம்மதி.

கச்சேரி அந்த வெள்ளிக்கிழமையே. அன்று காலையில் செல்போன் கடைக்காரரிடமிருந்து பெடலை வாங்கிக்கொண்டு படகில் வந்தேன். கிடாரை மடியில் வைத்துக்கொண்டேன். பெடல் இருந்த பையைக் காலடியில் வைத்தேன், அதுதான் வினை. எதிரில் ஒரு படகு வேகமாகப் போனதில் அலை எழும்பி உள்ளே அடித்தது. பை நனைந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் பெடலின் மேல்தான் ஈரம், உள்ளே அதிகம் போன மாதிரி தெரியவில்லை. துடைத்து, வாசல் சுவர்மேல் காயவைத்துவிட்டு, ஸ்பீக்கர் இறக்கப் படகுத்துறைக்கு ஓடினேன்.

திரும்பி வந்தபோது சுவர்மேல் பெடல் இல்லை. நைனா வாசலில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் பிளாஸ்டிக் வாளி. வாளி நிறையத் தண்ணீர். அடியில் பெடல்.

எங்களில் யாராக இருந்தாலும் இன்ஜினுக்கு இதைத்தான் செய்வோம். இன்ஜின் உப்புத் தண்ணீரில் விழுந்துவிட்டால் அதைக் காற்றில் காயவிடக் கூடாது, காய்ந்தால் உப்பு உள்ளேயே இறுகி இரும்பைத் தின்றுவிடும். உடனே நல்ல தண்ணீரில் முக்கிப் போட்டுவிட்டு, அப்புறம்தான் மெக்கானிக்கைத் தேடுவோம். சுவர்மேல் உப்புப் பூத்துக் காய்ந்துகொண்டிருந்த பெட்டியைப் பார்த்ததும் நைனாவுக்கு வேறு எதுவும் தோன்றியிருக்காது. வாளியில் இருந்தது குடிக்க வைத்திருந்த தண்ணீர். எங்கள் தீவில் அந்தக் குடம் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் ஊற்றியிருந்தார்.

"காத்துல காய வெச்சிட்டு பூட்டியே," என்றார், செல்லமாகக் கோபித்துக்கொண்டு. "உப்பு தின்னுடும்டா. அதான் நல்ல தண்ணில போட்டுக்கீறேன். ராவிக்கு ஜோரா ஓடும் பாரு."

நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். அவருக்கு ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை, என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். எழுந்து உள்ளே போய்விட்டார். மனைவி சந்தையிலிருந்து வந்து, காலிக் குடத்தையும் என்னையும் பார்த்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் வெளியே போனாள். பெடலைத் திறந்தேன். பேட்டரி இருந்த இடத்திலிருந்து தண்ணீர் வடிந்தது. துணியால் ஒற்றி எடுத்து, விசிறிக்கு முன்னால் வைத்து, புது பேட்டரி போட்டு மிதித்தேன். செத்துக் கிடந்தது.

விளக்குப் போடுகிற நேரத்தில் கச்சேரி தொடங்கியது. கீபோர்டுக்காரர் நல்ல மனிதர். நைனா பாட்டில் வருகிற அந்த கிடார் இடத்தைத் தன் கீபோர்டிலேயே கிடார் சத்தம் வைத்து வாசித்துவிடட்டுமா என்று மெதுவாகக் கேட்டார். வேண்டாம் என்றேன். பெடல் இல்லாமல் வெறும் கிடாரில் நானே வாசித்தேன். இழுக்க வேண்டிய இடத்தில் எல்லாம் என் சுரம் பாதியில் படுத்தது. அந்தப் பாட்டில் சத்தம் தணிகிற பகுதி அது, பெரிய ஸ்பீக்கரிலும் மெல்லியதாகத்தான் வந்திருக்கும். கூட்டத்தில் ஒருவருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. கை தட்டினார்கள், அடுத்து ஒரு குத்துப்பாட்டு கேட்டார்கள்.

நைனா முதல் வரிசையில், ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டினாற்போல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கண் என் கையைவிட்டு நகரவில்லை. என் கை அசைகிறபோதெல்லாம் தலையை ஆட்டினார். முடிந்ததும் மேடையோரம் வந்து என் தோளைத் தொட்டு, "ஷோக்கா வாசிச்ச. நல்லா கேட்டுது," என்றார். சரி, ஸ்பீக்கர் உபயத்தில் ஏதோ கொஞ்சம் விழுந்திருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கும் வசதியாக இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் செத்த பெடலைக் கைமாற்றினேன். இந்த முறை அனுப்பம்பட்டுக்காரருடைய பாடு. அவர் அதை மூட்டையாகக் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு, தன் வாரத்தை வெறும் கிடாரிலேயே ஓட்டினார். அடுத்து செல்போன் கடைக்காரர். அவர் கடையில் சும்மா இருந்த ஒரு மதியம் பெடலைத் திறந்து, பச்சை பூத்த இடங்களை பிரஷ்ஷால் தேய்த்து, வயர் ஒன்றைப் பற்றவைத்து மிதித்திருக்கிறார். உயிர் வந்துவிட்டது. முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கரகரத்தது, அவ்வளவுதான். அன்று மாலை பொன்னேரி மண்டபத்தில் அவர் அதை மிதித்து வாசிக்க, நான் பின்னால் நின்று கார்டு பிடித்தேன். வயிற்றெரிச்சலாக இருந்தது. ஒரு நாள் கொடு என்று நான் கேட்கவில்லை. அவரும் கொடுக்கிறேன் என்று சொல்லவில்லை. நானே கொண்டுவந்த முறை, யாரை நொந்துகொள்வது.

வீட்டில் நைனா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் கிடாரை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். நானும் சமாதானம் சொல்லவில்லை. காது கேட்காதவரிடம் சமாதானம் சொல்ல வேண்டுமென்றால் தெருவே கேட்கிற மாதிரி கத்த வேண்டும். அதற்கெல்லாம் உடம்பில் தெம்பில்லை.

என் பாடு திரும்பி வந்தது. அன்று ஏரியில் ஒன்றும் கிடைக்கவில்லை, நாலு நண்டோடு சீக்கிரமே கரை ஏறினேன். குளித்துவிட்டு, வாசலில் ஆம்ப்ளிஃபயரை வைத்து, பெடலைச் செருகினேன். பெடல் நைனா கண்ணில் பட்டது. எழுந்து போகப் பார்த்தார். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். ஆம்ப்ளிஃபயரை அவர் பக்கமாகத் திருப்பி வைத்து மிதித்தேன்.

அதே பாட்டு, அதே இடம். சுட்டுவிரல் மடங்கவில்லை, ஆனாலும் சுரம் நின்றது. பெட்டி அதிர்ந்து, சுவர்மேல் இருந்த டம்ளர் நகர்ந்தது. நைனா முதலில் பெடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கண்ணை மூடினார். உதடு அசைந்தது. அடுத்த வரியை, நான் வாசிப்பதற்கு முன்னாலேயே, அவர் முனகினார். சுரம் பிசகவே இல்லை. நான் என் கையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டு வாசித்தேன்.

முடிந்ததும் கண்ணைத் திறந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"டேய், இது என் பாட்டாச்சே," என்றார். "இத்தப் போயி திருவிழா அன்னிக்கு வாசிக்காம உட்டுட்டியே."

மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. நைனாவின் காதருகே குனிந்து, அன்றைக்கு மறந்துவிட்டது என்று கத்திச் சொன்னேன்.

"அதுக்கின்னா," என்றார். "இப்ப வாசி."

பேட்டரி இன்னும் இருந்தது. மறுபடியும் முதலிலிருந்து வாசித்தேன்.