இருபத்து மூன்றாவது வரி

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவரிசையின் மாடி மண்டபத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுவோம். அடுக்குமாடியில் பழுதான லிஃப்ட், தமிழ்ப் பள்ளிகளில் குறையும் பிள்ளைகள், தூரதேசத்துப் போர் என்று எதையும் பேசலாம். மேடையில் இரண்டு பேர், கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள், கடைசியில் தேநீரும் கறிபாப் பலகாரமும். பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வாசல் மேசை என் பொறுப்பாயிற்று.

வருகைத் தாளைத் தயாரித்தது நான்தான். பெயர், ஐசி என்ற அடையாள அட்டை எண், தொலைபேசி, ஊர் என்ற நான்கு கட்டங்கள் இந்த நாட்டில் எந்தக் கூட்டத்திலும் இருப்பவை. ஐந்தாவதாக ‘வேலை செய்யும் நிறுவனம்’ என்று ஒரு கட்டத்தைச் சேர்த்தேன். பேசுகிறவர் யார், எங்கிருந்து பேசுகிறார் என்று தெரியாமல் ஒரு வரியும் அச்சுக்கு அனுப்பக் கூடாது என்று பழகிய புத்தி. அந்தத் தகவலை நான் ஒரு முறைகூடப் பயன்படுத்தியதில்லை.

அந்த மாதத் தலைப்பு காற்று. தொழிற்சாலைப் புகையில் வாழும் கிள்ளானிலிருந்தும் காப்பாரிலிருந்தும் வழக்கத்தைவிட அதிகம் பேர் வந்திருந்தார்கள். வரிசையில் நின்ற ஒருவர், “அண்ணே, ஐசி நம்பர் எல்லாம் வாங்கி எங்க பேர்ல லோனா எடுக்கப் போறீங்க?” என்றார். நானும் சிரித்தேன். அவருக்குப் பின்னால் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், நீல நிற பாஜு கூரோங் உடையில், பேனாவை வாங்கிக்கொண்டு கேட்டார்.

“எல்லாக் கட்டமும் எழுதணுமா அண்ணே?”

“சும்மா ஃபார்மாலிட்டிதான் லா. எழுதுங்க.”

“நான் கியூசில, சரக்குத் தரம் பாக்கற வேலைல இருக்கேன். ஒரு கட்டம் காலியா இருந்தாலும் சூப்பர்வைசர் திருப்பிக் குடுத்துருவாரு. பழக்கமாப் போச்சு.”

பெரிய ஆங்கில எழுத்தில், நிதானமாக எழுதினார். இருபத்து மூன்றாவது வரி.

மேடையில் இருந்த சுற்றுச்சூழல் துறை அதிகாரி, தொழிற்சாலைகளில் பலமுறை சோதனை நடந்தது, எங்கும் கழிவை எரித்த அடையாளம் இல்லை என்று விளக்கினார். கேள்வி நேரத்தில் அந்தப் பெண் எழுந்தார். மைக்கை வாயிலிருந்து தள்ளிப் பிடித்திருந்ததால் எல்லோரும் பேச்சை நிறுத்திக் கேட்க வேண்டியிருந்தது.

“நான் தெலுக் பங்லிமா காராங்லேருந்து வரேன். எங்க ஃபேக்டரிக்கு யாரு எப்ப செக் பண்ண வராங்கன்னு முந்தின நாளே எங்களுக்குத் தெரியும் சார். அன்னைக்குக் கொளுத்த மாட்டாங்க. கழிவு மூட்டைங்க மேல கேன்வஸ் போட்டு மூடச் சொல்வாங்க. மூடினதுல நானும் ஒருத்தி.”

அதிகாரி தண்ணீர் குடித்தார். அந்தப் பெண் தொழிற்சாலையின் பெயரைச் சொல்லவில்லை. கவனமாகத்தான் பேசியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

தேநீர் நேரத்தில் நான் மேசைக்குத் திரும்பியபோது, சாம்பல் நிற போலோ சட்டைக்காரர் ஒருவர் வருகைத் தாளின் மேல் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர். குறிப்பு எதுவும் எடுக்கவில்லை. தாளில் பெயரும் எழுதவில்லை.

“என்ன பாஸ், என்ன வேணும்?”

“ஒன்னும் இல்ல லா. அடுத்த மாசம் எப்பனு பாக்கறேன்.”

அந்தத் தாளில் அடுத்த மாதம் பற்றி எதுவும் இல்லை. அவர் அவசரமில்லாமல் படியிறங்கிப் போனார். நான் தடுக்கவில்லை. பிறகுதான் இருபத்து மூன்றாவது வரியை முழுதாகப் படித்தேன். ஐந்தாவது கட்டத்தில் தொழிற்சாலையின் பெயர், கம்பெனிப் பெயருக்குப் பின்னால் வரும் ‘எஸ்டிஎன் பிஎச்டி’ உட்பட, ஒரு எழுத்துக் குறையாமல் இருந்தது.

அந்தப் பெண் ஜன்னலோரம் கறிபாப் தின்றுகொண்டு யாரோ சொன்னதற்குச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒருவர் தாளைப் படம் எடுத்ததைப் போய்ச் சொல்லியிருக்கலாம். பத்தடி தூரம்தான். நாற்காலிகளை அடுக்கினேன்.

மறுநாள் காலை அந்தத் தாளைக் கிழித்தேன். நாற்பத்தொரு பேரின் பாதுகாப்புக்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில், யாராவது வந்து தாளைக் கேட்டால் ‘இல்லை’ என்று சொல்ல எனக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. துண்டுகளை இரண்டாகப் பிரித்து, பாதியைச் சந்தைக் குப்பைத் தொட்டியிலும் மீதியை எல்ஆர்டி ரயில் நிலையத்திலும் போட்டேன். கிழிப்பதற்கு முன் அந்தப் பெண்ணின் தொலைபேசி எண்ணை மட்டும் எழுதி வைத்துக்கொண்டேன். அழைக்கவில்லை. யார் யாரிடம் பேசினார்கள் என்று பார்க்கிறவர்கள் இருக்கலாம் என்று தோன்றியது. அந்த வாரம் முழுக்க, வீட்டுக்கு எதிரே வழக்கமில்லாமல் ஒரு கார் நின்றால் அதன் எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

இரண்டாவது புதன்கிழமை மதியம் அவரே மண்டபத்தில் என் எண்ணைக் கேட்டு வாங்கி அழைத்தார். குரலுக்குப் பின்னால் இயந்திர இரைச்சல்.

“அண்ணே, எச்ஆர்ல கூப்பிட்டாங்க. ஒரு போட்டோவைக் காட்டி, இது உங்க கையெழுத்தானு கேட்டாங்க. ஆமான்னேன்.”

“என் தப்புதாம்மா அது.”

“கேளுங்க அண்ணே, டைம் இல்ல. போட்டோல என் வரி மட்டும்தான் இருக்கு, மேலயும் கீழயும் வெட்டிட்டாங்க. நான் கம்பெனி சார்பா பேச வந்து கம்பெனி பேரை நானே எழுதினேனாம். பெர்மிஷன் இல்லாம கம்பெனி பேர்ல பேசினா வேலையை விட்டுத் தூக்கலாமாம். அடுத்த வியாழக்கிழமை விசாரணை. நீங்க அந்தத் தாளைக் குடுத்தா போதும். எல்லாரும் அவங்கவங்க கம்பெனியை எழுதிருக்காங்க, அது கூட்டத்துல கேட்டதுன்னு காட்டிருவேன்.”

என்னிடம் காலித் தாள் இருக்கிறது, கொண்டுவருகிறேன் என்றேன்.

“அதை நேத்து அடிச்சீங்கன்னு சொல்வாங்க. ஆளுங்க எழுதின தாளு வேணும்.”

காலித் தாளிலும் அதே ஐந்து கட்டங்கள்தான் என்று மறுபடி சொன்னேன்.

“கிழிச்சிட்டீங்களா அண்ணே?”

“ஆமா.”

“பதினாலு வருசம் சர்வீஸ்,” என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. பிறகு, “அப்ப நீங்களே வந்து சொல்றீங்களா?” என்று கேட்டார்.

வருகிறேன் என்று சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் கூட்டத்துக்கு வந்தவர்களில் எண் தெரிந்த ஆறு பேரை அழைத்தேன், ஐந்தாவது கட்டம் இருந்தது என்று நான்கு வரி எழுதித் தரச் சொல்லி. இரண்டு பேர் தந்தார்கள். லோன் என்று கேலி செய்தவர், “எனக்கும் வேலை இருக்கு அண்ணே,” என்று வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

வியாழக்கிழமை அந்த இரண்டு கடிதங்களுடன் கொமுட்டர் ரயிலில் கிள்ளான் வரை போய், அங்கிருந்து வாடகை வண்டியில் தெலுக் பங்லிமா காராங் போனேன். தொழிற்பேட்டைக்குள் நுழைந்ததும் ஓட்டுநர் ஜன்னலை ஏற்றிக்கொண்டார். தொழிற்சாலை வாசலில் காவல் கூண்டு. உள்ளே அலுவலகத்தின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அந்தப் பெண் நின்றிருந்தார், அதே நீல உடையில். என்னைப் பார்த்தார். கை காட்டவில்லை.

காவலாளி கூண்டின் துவாரம் வழியாக ஒரு தடித்த பதிவுப் புத்தகத்தைத் தள்ளினார். பெயர், ஐசி எண், தொலைபேசி, நிறுவனம், யாரைப் பார்க்க, எதற்காக.

“எல்லாத்தையும் எழுதணும்,” என்றார் மலாயில். “காலியா இருந்தா உள்ள விட மாட்டாங்க.”

கூண்டுக்குள் அவருக்குப் பின்னால் ஒரு நாற்காலி. அதன் முதுகில் ஒரு சாம்பல் நிற போலோ சட்டை தொங்கியது. அது அந்தச் சட்டைதானா என்று எனக்குத் தெரியாது. கடைகளில் ஆயிரம் தொங்குகின்றன. ஐசியின் கடைசி நான்கு எண்களில் தயங்கி, அட்டையை எடுத்துப் பார்த்து எழுதினேன். நிறுவனம் என்ற இடத்தில் எங்கள் கூட்டத்தின் பெயர். அடுத்தது ‘யாரைப் பார்க்க’.

தாளைக் கிழித்தாலும் அந்த இருபத்து மூன்றாவது வரி என் நினைவிலிருந்து போகவில்லை. அந்தப் பெண்ணின் முழுப் பெயரை, அவர் எழுதியபடியே பெரிய எழுத்தில், நிதானமாக எழுதினேன். காவலாளி புத்தகத்தைத் திருப்பி வாசித்தார். பிறகு தொலைபேசியை எடுத்து, என் பெயரை உள்ளே யாருக்கோ எழுத்துக் கூட்டிச் சொல்லத் தொடங்கினார்.