ஒரே மாதிரி இரண்டு வரி

அமுதவல்லிக்குக் கம்ப்யூட்டர் அத்துப்படி என்று உப்பளம் ஏரியாவில் எல்லாரும் நம்பினார்கள். நம்பாத ஒரே ஆள் அமுதவல்லிதான். அவள் வேலை பார்த்த ஜெராக்ஸ் கடையின் முதலாளி விஜயராகவன், ஓசியில் கிடைக்கிறதே என்று கடை கம்ப்யூட்டரில் லினக்ஸைப் போட்டுவிட்டார். அதில் ஒரு கறுப்புத் திரை உண்டு. அங்கே மவுஸுக்கு வேலையில்லை. எது வேண்டுமானாலும் தட்டித்தான் கேட்க வேண்டும்.

'சார்ட்' என்று தட்டி ஃபைல் பெயரைக் கொடுத்தால், உள்ளே இருக்கிற வரிகள் எல்லாம் ஒழுங்காக வரிசையில் வந்து நிற்கும். எண்களைக் கொடுத்தால் மட்டும் பத்து முன்னால் வரும், இரண்டு பின்னால் வரும். அது ஏன் என்று முதலாளி இரண்டு தரம் விளக்கினார். இரண்டு தரமும் தலையாட்டிவிட்டு வந்தாள். ஒருநாள், வரிசையாக்கியதை அதே ஃபைலில் போடச் சொன்னாள், ஃபைலே காலியாகிவிட்டது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து தனக்குப் பிடிபட்ட ஒரே ஒரு வித்தையோடு நிறுத்திக்கொண்டாள். சார்ட்டுக்குப் பின்னால் 'மைனஸ் யூ' சேர்த்தால், ஒரே மாதிரி வரி எத்தனை இருந்தாலும் ஒன்று மட்டும் மிஞ்சும்.

இந்த ஒரு வித்தைக்கே திரௌபதி அம்மன் கோயில் விழாக்குழுவில் அவளுக்கு ஏக மரியாதை. தீ மிதிக்கிறவர்களின் பெயரைத் தெருவுக்கு ஒருவர் எழுதி அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். நம் ஜனங்கள் ஒரு இடத்தில் பெயர் கொடுத்தால் திருப்திப்படுகிறவர்களா? இந்தத் தெருவிலும் கொடுப்பார்கள், அடுத்த தெருவிலும் கொடுப்பார்கள். அமுதவல்லி எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் கொட்டி, மைனஸ் யூ போட்டுச் சலித்துக் கொடுப்பாள். விழாக்குழுத் தலைவர் தெய்வசிகாமணி அந்தத் தாளைப் பார்த்துப் பார்த்துப் பூரிப்பார்.

இந்த வருஷம் அந்தப் பட்டியலில் அவளுடைய உயிரே இருந்தது. போன ஐப்பசியில் சேதராப்பட்டு வேலையிலிருந்து திரும்புகையில் மகன் செம்மல் பைக்கோடு விழுந்து, கால் பிழைக்குமா என்று டாக்டர்களே கையைப் பிசைந்தார்கள். "அவன் நடந்தா உன் நெருப்புல நடக்க வெக்கிறேன் தாயே" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் வேண்டிக்கொண்டாள். நடந்துவிட்டான். வாங்கிக்கொண்ட வரத்துக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றாவிட்டால் அம்மன் சும்மா விடுவாளா? அந்தப் பயம் அவளைத் தூங்கவிடவில்லை.

செம்மல் என்பது வீட்டுப் பெயர். பள்ளிக்கூடத்திலும் ஆதாரிலும் அவன் மா. கோவிந்தராசு. அது அவள் மாமனாரின் பெயர். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது அந்த வீட்டு வழக்கம். அவள் கணவன் மாணிக்கத்துக்கும் அப்படி, மாமனாரின் அப்பா பெயரை வைத்ததுதான். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாதென்பதால், பிள்ளை பிறந்த அன்றே அவள் செம்மல் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். வருஷக்கணக்கில் கூப்பிட்டதில், அவனுக்கு வேறொரு பெயர் இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

காப்புக் கட்டும் சாயங்காலம் கோயிலில் நல்ல கூட்டம். மாணிக்கம் லாரியில் வெளியூர் போயிருந்தான். செம்மலின் பஸ் இன்னும் வந்து சேரவில்லை, போனும் போகவில்லை. மைக்கில் தெய்வசிகாமணி ஒவ்வொரு பெயராக வாசித்தார். "மா. கோவிந்தராசு" என்றதும், வருஷா வருஷம் தீ மிதிக்கிற மாமனார் வேட்டியை இறுக்கிக்கொண்டு போய்க் காப்புக் கட்டிக்கொண்டு சந்நிதி ஓரம் உட்கார்ந்தார். அமுதவல்லி பயபக்தியோடு பார்த்தாள். அடுத்த பெயர், அதற்கடுத்த பெயர். பட்டியலே முடிந்துவிட்டது.

அவள் பதறிப்போய் மேடைக்கு ஓடினாள்.

"அண்ணே, எம் புள்ள பேர வாசிக்கல நீங்க."

"என்னா பேரு?"

"செம்மல்."

தெய்வசிகாமணி தாளை மேலிருந்து கீழே பார்த்தார். "செம்மலும் இல்ல, கிம்மலும் இல்ல. நீ அடிச்ச லிஸ்ட்டுதானம்மா?"

"அவனே பேரு குடுத்தான் அண்ணே."

"இந்த வருஷம் லிஸ்ட்டு போலீஸ் ஸ்டேஷன்ல குடுத்தாச்சு. அதுல இல்லாத பேருக்குக் காப்புக் கெடையாது. நல்ல நேரம் முடியறதுக்குள்ள, அவன் பேரு குடுத்ததுக்கு எதுனா இருந்தா எடுத்துக்கினு வா."

கடை பக்கத்துத் தெருவில்தான். ஓடினாள். செம்மல் என்று தேடினாள், இல்லை. தெருக்காரர் அனுப்பியதில் தேடினாள், அதிலும் இல்லை. பையன் பொய் சொல்லிவிட்டானா? நெருப்பென்றதும் பயந்துவிட்டானா? தான்தான் எதையோ அழித்துவிட்டோமா? வேறொன்றும் தோன்றாமல், மைனஸ் யூ போடாமல் வெறும் சார்ட்டைத் தட்டினாள். பெயர்கள் ஓடிவந்து நின்றன. இரண்டு தெருவில் பெயர் கொடுத்தவர்கள் எல்லாம் இரண்டிரண்டாக நின்றார்கள். அவர்களுக்கு நடுவே மா. கோவிந்தராசு, அதன் கீழே மா. கோவிந்தராசு.

மாமாவுமா இரண்டு இடத்தில் கொடுத்தார் என்றுதான் முதலில் நினைத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று தங்கள் தெருப் பட்டியலைத் திறந்தாள். அந்த ஒரே பட்டியலிலேயே இரண்டும் மேலும் கீழுமாக இருந்தன. ஒரே ஆள் ஒரே தாளில் ஏன் இரண்டு தரம் கொடுக்கிறார்? இனிஷியல்கூட ஒன்று. வெகுநேரம் முழித்த பிறகுதான் புரிந்தது. தன் பிள்ளையைத் தானே தட்டி அழித்திருக்கிறாள். தலையில் அடித்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள்.

"அண்ணே, ரெண்டு வரி ஒரே மாரி இருந்திச்சி. மெஷினு ஒண்ண முழுங்கிட்சி."

"அதுக்குத்தான உன்னாண்ட குடுக்கறோம்?"

"அய்யோ, இது வேற. எம் புள்ளைக்கும் எங்க மாமா பேருதான்."

"உங்க மாமாவுக்குக் காப்புக் கட்டியாச்சேம்மா. அவருக்கே இன்னொண்ணு கட்டணுமா?"

"அவருக்கு இல்ல, அவனுக்கு."

"எவனுக்கு? மொதல்ல செம்மலுன்ன, இப்ப மாமாங்கிற. பேர ஒழுங்காச் சொல்லு, இல்லன்னா எறங்கு."

பெயர் தொண்டை வரை வந்தது, வெளியே வரவில்லை. எதிரே சந்நிதி ஓரத்தில் மாமனார் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பூசாரி மிச்சமிருந்த மஞ்சள் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார். அமுதவல்லிக்கு அந்தக் கால் ஞாபகம் வந்தது, கட்டும் ரத்தமுமாக. தெய்வசிகாமணியின் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

"கோவிந்தராசு! டேய் கோவிந்தராசு!"

கூட்டத்தில் யாரோ ஒரு பெண் "அடியாத்தே" என்று வாயைப் பொத்தினாள். மாமனார் திடுக்கிட்டு எழுந்து நின்றார். "என்னம்மா, என்னையா கூப்ட்ட?"

"என்னையாம்மா கூப்ட்ட?" என்று வாசல் பக்கமிருந்தும் ஒரு குரல். செம்மல் தோளில் பையோடு அப்போதுதான் உள்ளே வந்திருந்தான். வேலை செய்யும் இடத்தில் தினமும் கேட்கிற பெயர்தான். ஆனால் அம்மா வாயிலிருந்து அவன் கேட்டது அதுதான் முதல் தரம். முகமெல்லாம் குழப்பம்.

தெய்வசிகாமணி கிழவரைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதில் அந்தப் பெயர் இருந்தது. "பேரு இருக்குதே. ஆளுதான் ரெண்டு" என்று முணுமுணுத்துவிட்டு, பூசாரியிடம் "கயித்தச் சுத்தாதிங்க, இன்னும் ஒண்ணு பாக்கி" என்றார்.

அமுதவல்லி மாமனார் பக்கம் கையெடுத்துக் கும்பிட்டாள். "மன்னிச்சிடுங்க மாமா. உங்கள இல்ல, இவனத்தான்."

அவர் காப்புக் கட்டிய கையால் பேரனின் தோள் பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "போடா, உன்னத்தான் கூப்புடறா" என்றார்.