மட்டாஞ்சேரி ஜெட்டியில் கொடுத்த மூச்சு

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்த புதிது. அங்கே ஒரு பெண்கள் பள்ளியில் சயன்ஸ் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். மாமியாரின் கண்ணை டாக்டரிடம் காட்டுவதற்காக எறணாகுளம் போய்விட்டு, மத்தியானம் போட்டில் திரும்பி வந்து ஜெட்டியில் இறங்கினோம். ஜூன் மாதத்து இடவப்பாதி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது.

ஜெட்டியை ஒட்டி நின்ற ஒரு வள்ளத்திலிருந்து சுக்கு மூட்டைகளைக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள். நடைபலகை மழையில் நனைந்து வழுக்கியது. எங்கள் கண்ணெதிரிலேயே ஒரு சுமட்டுக்காரன் கால் தவறி, தலையில் மூட்டையோடு தண்ணீரில் விழுந்தான். மூட்டை மிதந்தது. ஆள் மேலே வரவில்லை.

அவனோடு சுமை தூக்கிய கூட்டாளி உடனே குதித்தான். இரண்டு முறை முங்கி வெறுங்கையோடு வந்தான். மூன்றாவது முறைதான் அவன் முடியைப் பிடித்து இழுத்து வந்தான். கரையில் கிடத்தியபோது உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. நெஞ்சில் அசைவே இல்லை. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கப் போனார்கள்.

நான் ஏன் முன்னால் போனேன் என்று இன்றும் தெரியாது. அவன் கழுத்தில் விரல் வைத்தேன். நாடி மெல்லியதாக ஓடிக்கொண்டிருந்தது. மூச்சுதான் நின்றிருந்தது.

டிரெயினிங் காலேஜில் ஒருநாள் ஒரு டாக்டர் வந்து, வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதும் புதிய முறையைப் பற்றிச் சொல்லியிருந்தார். நாம் சாப்பிட்ட சோற்றை உடம்பு சக்தியாக்குவதற்குப் பிராணவாயு வேண்டும். அது சில நிமிடம் கிடைக்காவிட்டால் முதலில் மூளை அணைந்துவிடும் என்றார். கேட்டதோடு சரி, செய்து பார்த்ததில்லை.

"காலை விடுங்கோ, கீழே கிடத்துங்கோ" என்று கத்தினேன். மண்டியிட்டு அவன் வாயருகே குனிந்ததும், என்ன செய்யப்போகிறேன் என்று மாமியாருக்குப் புரிந்துவிட்டது. ஆசாரம் பார்க்கிறவர். என் தோளைப் பிடித்து இழுத்தார்.

"எடி, ஆம்பளையாக்கும் அவன். நாலு பேர் பாக்கறா. வேண்டாம், கேட்டயா?"

"உயிர் இருக்கு அம்மா" என்றேன்.

கைக்குட்டையை அவன் வாய்மேல் போட்டு ஊதினேன். நெஞ்சு எழும்பவில்லை. மறுபடி ஊதினேன். ஒன்றும் இல்லை. வகுப்பில் குழந்தைகளிடம், நாம் வெளியே விடுவது கெட்ட காற்று என்று சொல்லிக்கொடுத்தவள் நான். அந்தக் கெட்ட காற்றை இவனுக்குள் தள்ளுகிறேனோ என்று ஒரு பயம் வந்தது. அப்போதுதான் டாக்டர் சொன்ன இன்னொன்று நினைவுக்கு வந்தது: இழுக்கிற பிராணவாயுவில் கால்பங்கைத்தான் உடம்பு எடுத்துக்கொள்கிறது, மிச்சம் வெளியே வருகிற மூச்சிலேயே இருக்கிறது.

கைக்குட்டையை எறிந்தேன். வாய்க்குள் விரல் விட்டுச் சேற்றையும் வெற்றிலைச் சக்கையையும் வழித்தேன். தலையை நன்றாகப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு ஊதினேன். நெஞ்சு எழும்பியது!

ஊதினேன், நிமிர்ந்தேன், ஊதினேன். கூட்டம் நெருங்கி மேலே கவிந்தது. திடீரென்று என் தலைக்கு மேல் மாமியாரின் குரல். "மாறி நில்க்கு! காத்து வரட்டே!" குடையை மடக்கி நீட்டி, எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குத் தலை சுற்றியது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. எதிரே நனைந்தபடி உட்கார்ந்திருந்த கூட்டாளி என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டான்.

"டீச்சரே, ஞான் செய்யாம். பறஞ்ஞு தந்நா மதி."

சொல்லித் தந்தால் போதும், தானே செய்வதாகச் சொன்னான்; நான் டீச்சர் என்று எப்படியோ தெரிந்திருக்கிறது. சொல்லிக்கொடுத்தேன். அவன் ஊதினான், நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். அவன் கண்ணீர் கீழே கிடந்தவன் நெற்றியில் சொட்டியது. அவன் களைத்தபோது மறுபடி நான். எவ்வளவு நேரமோ தெரியாது. கடைசியில் கிடந்தவன் தொண்டைக்குள் ஏதோ கரகரத்தது. ஒரு இருமல். சட்டென்று அவனைப் பக்கவாட்டில் திருப்பினோம். உப்புத்தண்ணீராக என் புடவை மேலேயே கக்கினான். பிறகு அவனாகவே ஒரு மூச்சு இழுத்தான். நின்றுவிடுமோ என்று எல்லோரும் அசையாமல் பார்த்தோம். இன்னொன்று இழுத்தான். உதட்டில் மெல்ல நிறம் திரும்பியது. கைவண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் வாசலில் நின்று, "குளிச்சுட்டு வா. காப்பி கலந்து வைக்கறேன்" என்றார். குளித்துவிட்டு வந்ததும் டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"உன் மூச்சு அவன் உள்ள எத்தனை நாள் இருக்கும்?"

"அப்பவே செலவாயிடும் அம்மா. இப்ப அவன் விடறது அவன் மூச்சுதான்."

"அப்படியா" என்றவர், என் ஈரத்தலையைத் துவட்ட ஆரம்பித்தார்.

பிழைத்துவிட்டான் என்று கூட்டாளி பள்ளிக்கு வந்து சொல்லிவிட்டுப் போனான். பிழைத்தவனை அதற்குப்பின் நான் பார்த்ததில்லை. எனக்கும் வயதாகிவிட்டது, மாடிப்படி ஏறினால் நடுவில் நிற்க வேண்டியிருக்கிறது. அப்படி நின்று மூச்சு வாங்கும்போதெல்லாம், அந்த நெஞ்சு முதன்முதலாக எழும்பிய நொடி கண்முன் வரும். யாரும் கேட்காமலே ஒவ்வொரு மூச்சும் தானாக வந்து போகிறதே, இதைவிடப் பெரிய வரம் எது என்று தோன்றும்.