ஒரு கார்க் கிறிலுக்காக நயினாதீவுக்கு

நயினாதீவுக்குப் போகிறவர்கள் அம்மனைக் கும்பிடப் போவார்கள், அல்லது விகாரையைப் பார்க்கப் போவார்கள். சென்ற ஓகஸ்ட் விடுமுறையில் நானும் சித்தியும் போனது, இறங்குதுறைக்குப் பக்கத்துக் குளிர்பானக் கடையின் கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கும் ஒரு பிளாஸ்டிக் காருக்காக.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு மாதிரிக் கார்கள் பொருத்துவதில் பைத்தியம். கிட் என்று ஒரு பெட்டி வரும். அதற்குள் கார் உறுப்பு உறுப்பாக இருக்கும். வெட்டி, அராவி, ஒட்டி, நிறம் பூசினால் நிசக் காரின் இருபத்துநான்கில் ஒரு பங்கு அளவில் ஒரு கார் கிடைக்கும். யாழ்ப்பாணத்து வீதிகளில் இன்றும் ஒன்றிரண்டு ஓடுகிற ஏ-40 என்ற பழைய பிரித்தானியக் காருக்கும் முன்பு இப்படி ஒரு கிட் இருந்தது. அதை நிறுத்திப் பல வருடங்களாகின்றன. அதன் பழைய அச்சுகளை வெளிநாட்டில் ஒரு சிறிய நிறுவனம் வாங்கி, கிட்டை மறுபடி வெளியிடப் போவதாக நான் வழக்கமாக வாசிக்கும் இணையத்தளத்தில் செய்தி வந்தது. அன்று எனக்குப் பாடம் எதுவும் ஏறவில்லை.

பிறகுதான் செய்தியின் கடைசிப் பந்தியை வாசித்தேன். முன் கிறிலின் அச்சு மட்டும் துருப்பிடித்துப் போய்விட்டதாம். (கிறில் என்பது காரின் மூக்கில் இருக்கும் கம்பி வரிசை. காருக்கு முகம் ஒன்று இருந்தால் அது அதுதான்.) பழைய கிட்டின் கிறில் எவரிடமாவது இருந்தால் மாத முடிவுக்குள் அறிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் புகைப்படங்களைப் பார்த்து உத்தேசமாகச் செய்துவிடுவார்கள். உத்தேசமான முகத்தோடு ஒரு ஏ-40 வருவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் அந்தக் கடை நினைவுக்கு வந்தது. முன்பொருமுறை அம்மாவுடன் கோயிலுக்குப் போனபோது, பிஸ்கட் பைக்கற்றுகளுக்கு நடுவில் அந்த ஏ-40ஐக் கண்டிருந்தேன். நிறுவனத்துக்கு எழுதினேன். கிறிலை அனுப்ப முடியாவிட்டால் சிலிக்கோன் பசையில் அதன் பதிவை எடுத்து அனுப்பினாலே போதும் என்று பதில் வந்தது. சித்தி ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக இருக்கிறார். பதிலை அவரிடம் காட்டினேன்.

"இது நாங்கள் பல்லுக்கு அச்செடுக்கிற பசையெல்லே," என்றார் சித்தி. "உம்மடை காருக்கு எந்தப் பல்லு?"

"முன்பல்லு முழுக்க, சித்தி."

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் 776ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினோம். குறிகட்டுவான் வரை ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீற்றர். ஒன்றேகால் மணி நேரம் எடுத்தது. ஒருவருக்கு 140 ரூபாய் கொடுத்தோம். வேலணையைத் தாண்டிப் புங்குடுதீவுக்குப் போகும் பாதையில் இரண்டு பக்கமும் கடல். நட்டு வைத்த தடிகளில் நீர்க்காகங்கள் செட்டை விரித்து வெயில் காய்ந்தன. கட்டாயம் யன்னல் பக்கம் இருங்கள்.

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் படகு இருபது நிமிடம், 100 ரூபாய். நான் பையை மடியில் வைத்துப் பொத்திப் பிடித்திருந்ததைப் படகோட்டி பார்த்தார்.

"பிள்ளை, உதுக்குள்ளை என்ன?"

"பசை, அண்ணை."

"படகிலை ஓட்டை ஒண்டும் இல்லை. பயப்படாமல் இரும்."

கடைக்காரியின் பெயர் பவளம். நாங்கள் வந்த விடயத்தைச் சொன்னதும் அலுமாரியைத் திறந்து காரை எடுத்து மேசையில் வைத்தார். கார் ஒரு பக்கம் சரிந்து நின்றது. "பாரும். ஆனால் தொடக்கூடாது," என்றார்.

"எங்கே வாங்கினீங்கள், அக்கா?"

"வாங்கிறதோ? என்ரை தம்பி ஜேர்மனியிலை. வான் ஒண்டு எடுக்கக் காசு அனுப்படா எண்டு கேட்டனான். அவன் பழைய சாமான் சந்தையிலை உந்தப் பெட்டியை வாங்கி அனுப்பிப்போட்டு, 'கார் அனுப்பியிருக்கிறன் அக்கா' எண்டான். அவனுக்குப் பகிடி."

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"ஒட்டினனான். கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்வித்தனான். படமெடுத்து அனுப்பினனான், 'உன்ரை காருக்குப் பூசை முடிஞ்சுது, இனிப் பெற்றோலுக்குக் காசு அனுப்பு' எண்டு."

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். புதுக் காரைப் படகில் ஏற்ற முடியாது. அதனால் வாகனம் வாங்குகிறவர்கள் அதைக் குறிகட்டுவானில் நிறுத்திவிட்டு, திறப்பை (சாவியை) மட்டும் அம்மனிடம் கொண்டுவந்து பூசை செய்விப்பார்கள். பவளம் அக்காவோ முழுக் காரையும் கொண்டுபோயிருக்கிறார். முழுக் கார் போனால் சில்லுக்குக் கீழே நசிப்பதற்குத் தேசிக்காயும் (எலுமிச்சம்பழம்) வைக்க வேண்டும் அல்லவா?

"நிசக் கார் எண்டால் தேசிக்காய் நசியும். இது மேலை ஏறிக் குந்திக்கொண்டு நிண்டுது," என்றார் அக்கா. "எங்கடை வீட்டுக்காரர் பொறுமையில்லாமல் கையாலை ஒரு அமத்து. தேசிக்காய் நசிஞ்சுதோ தெரியாது, அச்சாணி முறிஞ்சுது, பம்பரும் கழண்டுது."

அடுத்த வருடம் தம்பி உண்மையாகவே வானுக்குக் காசு அனுப்பினார். அந்த வான்தான் இப்போது குறிகட்டுவானில் வாடகைக்கு ஓடுகிறது. அன்றிலிருந்து வெள்ளிக்கு வெள்ளி இந்தக் காருக்குச் சந்தனம். பூசிய இடம் எது தெரியுமா? மூக்கு. கிறில் இருக்க வேண்டிய இடத்தில் விரல் தடிப்பில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. உள்ளே கிறில் முழுதாக இருக்கிறதா, தேசிக்காயோடு போய்விட்டதா என்றுகூடச் சொல்ல முடியாது.

"இதைக் கொஞ்சம் சுரண்டிப் பார்க்கலாமோ, அக்கா?"

"ஏலாது," என்றார் அக்கா. "அம்மன்ரை சந்தனம். உதைச் சுரண்டி வானுக்கு ஒண்டு நடந்தால் நீரோ பதில் சொல்லுவீர்?"

மாத முடிவுக்கு ஐந்து நாட்களே இருந்தன. சித்திதான் மெதுவாகக் கேட்டார்: "ஏன் அக்கா, சாமிக்குச் சாத்தின சந்தனத்தையும் அபிஷேகத்திலை கழுவுறதுதானே?"

அக்கா ஒருவருக்குச் சோடாப் போத்தலை உடைத்துக் கொடுத்தார், மிச்சக் காசு கொடுத்தார், அதற்குப் பிறகு சொன்னார்: "சுரண்டக்கூடாது. கழுவலாம்."

அப்படியாக ஒரு ஏ-40க்கு அபிஷேகம் நடந்தது. அக்கா கற்பூரம் கொளுத்திப் பன்னீர் ஊற்ற, நான் சித்தியின் மெல்லிய பற்தூரிகையால் நீவினேன். கால் படக்கூடாதென்று வழிந்த நீரைச் செவ்வரத்தைச் செடிக்கு ஊற்றினோம். சந்தனம் கரையக் கரைய ஒவ்வொரு கம்பியாக வெளியே வந்தது. ஒன்றுகூட முறியவில்லை. சந்தனத்துக்குள் இருந்ததால் வெயிலும் படவில்லை. நேற்றுப் பெட்டியிலிருந்து எடுத்தது போல இருந்தது.

சித்தி அச்சுப் பசையின் இரண்டு பகுதிகளையும் ஒன்றாகப் பிசைந்து மூக்கில் அமத்தினார். ஐந்து நிமிடத்தில் இறுகிவிடும். இழுக்கும்போது கிறிலும் பசையோடு வந்துவிட்டால் முடிந்தது கதை. அக்கா கோபுரப் பக்கம் திரும்பி நின்றார்.

"ஆவெண்டு வாயைத் திறவுங்கோ," என்று காரிடம் சொல்லிக்கொண்டே சித்தி இழுத்தார்.

டக் என்று ஒரு சத்தம். மேசையில் ஏதோ விழுந்தது. மூவரும் குனிந்தோம். பம்பர்.

"உது முந்தியே கழண்டதுதான்," என்று அக்கா மூச்சு விட்டார். "நான் சோற்றுப் பசையாலை ஒட்டினனான்."

கிறில் இருந்த இடத்திலேயே இருந்தது. பசைக்குள் அதன் பதிவு கம்பி கம்பியாக விழுந்திருந்தது. பம்பரையும் அச்சாணியையும் நான் கொண்டுபோன பிளாஸ்டிக் ஒட்டும் பசையால் ஒட்டிக்கொடுத்தேன். கார் நேராக நின்றது. அக்கா புதுச் சந்தனம் வைத்தார், எங்களிடம் குளிர்பானத்துக்குக் காசு வாங்கவில்லை. மதியம் கோயிலில் அன்னதானம் சாப்பிட்டு, மூன்று மணிப் படகில் திரும்பினோம்.

பதிவைத் தபாலில் அனுப்பினோம். அதன் படத்தை அன்றே மின்னஞ்சலில் அனுப்பியதால் நிறுவனத்தார் பொறுத்திருந்தார்கள். சில வாரங்களுக்குப் பின் புதிய கிறிலின் படம் வந்தது, ஒரு கேள்வியோடு: கீழ் இடது மூலையில் ஒரு சின்னப் புள்ளி இருக்கிறதே, அது ஆணியா? பெரிதாக்கிப் பார்த்தேன். ஆணி இல்லை. என் தூரிகை எட்டாத மூலையில் தங்கிவிட்ட சந்தனத் துணிக்கை. உண்மையை எழுதினேன். சொன்னால் அகற்றிவிடுவோம் என்றார்கள். எனக்கு எல்லாம் அசலைப் போலவே நுணுக்கமாக இருக்க வேண்டும். ஆனாலும் அக்காவைக் கேட்காமல் பதில் எழுத மனம் வரவில்லை.

"எத்தனை கார் செய்வினம்?" என்று தொலைபேசியில் கேட்டார் அக்கா.

"ஆயிரக்கணக்கிலை, அக்கா."

"அவ்வளவு காரையும் ஆர் இஞ்சை கொண்டுவந்து பூசை செய்யிறது? அந்தச் சந்தனம் கிடக்கட்டும், விடும்."

போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை கூட்டம் அதிகம், காலையிலேயே போங்கள். தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். மாலை ஆறு மணிக்குப் பின் படகை நம்ப வேண்டாம். போகாமல் கிட்டை மட்டும் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று: கிறிலின் இடது கீழ் மூலையில் ஒரு புள்ளி தட்டுப்படும். அச்சுப் பிழை என்று நினைத்து அராவிவிடாதீர்கள். அது உங்கள் காருக்கு வைத்த பொட்டு.